அடுத்த வீட்டு எறும்பு

பெங்களூரின் பழைய பேட்டைகளிலும் டவுன்களிலும் இயங்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு,



ஏப்ரல் கடைசியில் கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்ததும் மல்லேசுவரம், பசவனகுடி, அல்சூர், காக்ஸ் டவுன் என்று எல்லாச் சங்கங்களின் வாட்ஸப் குழுக்களிலும் ஒரே கேள்வி கிளம்பும்: நல்ல பெஸ்ட் கன்ட்ரோல்காரர் யாராவது தெரியுமா? மண்ணுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஈரமில்லாத மேட்டைத் தேடுகிறது. பழைய வீட்டில் அந்த மேடு சமையலறைச் சுவர்தான். கேள்விக்குப் பதிலாக நாலைந்து போன் நம்பர்கள் வந்து விழும். மறுநாள் முதுகில் டேங்க் மாட்டிய ஓர் இளைஞர் வந்து சுவரோரமெல்லாம் மருந்தடித்து, ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். சில நாள் நிம்மதி. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் அதே குழுவில் அதே கேள்வியைக் கேட்பார். மழை வலுக்கும்போது இரண்டு வீட்டிலும் எறும்பு இருக்கும்.

மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று பலரும் சலித்துக்கொள்வதுண்டு. சில இடங்களில் அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் மருந்தின் மேல் குற்றமில்லை; அதற்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் தப்பு. ஒரே தெருவில் இருபது வீட்டார் இருபது ஆட்களை வெவ்வேறு நாட்களில் கூப்பிட்டு ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அந்த வழக்கத்தைக் கைவிட்டு, வந்திருப்பது என்ன எறும்பு என்று பார்த்து, தெரு முழுவதற்கும் ஒரே சமயத்தில் இரை மருந்து வைத்து, சுவரையும் சாக்கடையையும் பழுது பார்க்கிற ஏற்பாட்டைச் சங்கங்களே முன்னின்று செய்ய வேண்டும். இந்த மடலின் கோரிக்கை அவ்வளவுதான். கோரிக்கை சிறியது, அதற்கான காரணங்கள் கொஞ்சம் நீளம்.

அடுப்பு மேடையில் வரிசை கட்டி நடப்பவை ஒரு கூட்டத்தின் சிறு பங்கு மட்டுமே. ராணி வெளியே தலைகாட்டுவதில்லை. முட்டைகள், புழுக்கள், கூட்டுப்புழுக்கள், அவற்றுக்கு ஊட்டிவிடும் இளம் எறும்புகள் எல்லாம் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ பத்திரமாக இருக்கும். இரை தேடி வெளியே அனுப்பப்படுபவை பெரும்பாலும் வயதான வேலைக்கார எறும்புகள். மருந்தடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவற்றுக்கு ஆயுள் அதிகமில்லை. சுவரோர ஸ்ப்ரே கொல்வது இந்தக் கிழடுகளைத்தான். உள்ளே ராணி மறுநாளும் முட்டையிடுகிறாள்.

அந்த வரிசைக்குப் பின்னாலுள்ள ரசாயனம் எங்கே சுரக்கிறது என்பதை 1959ல் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் ஓ. வில்சன் நெருப்பெறும்பிடம் கண்டுபிடித்தார். எறும்பின் வயிற்று முனையிலுள்ள நுண்ணிய சுரப்பி ஒன்றை எடுத்து நசுக்கி, அதைக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். எறும்புகள் புற்றிலிருந்து புறப்பட்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்தன. இரை கண்ட எறும்பு திரும்பி வரும்போது விட்டுவரும் வாசனைத் தடம்தான் பின்னால் வருபவற்றுக்குச் சாலை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மேடையைத் துடைத்தால் சாலை அழிகிறது. இதற்குக் கம்பெனி வேண்டாம், காசும் வேண்டாம்.

ஸ்ப்ரே வீண் என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. சில இனங்களிடம் அது நிலைமையை மோசமாக்கிவிடும். ஃபாரோ எறும்பு என்று ஒன்று உண்டு. இரண்டு மில்லிமீட்டர் நீளம், மங்கிய மஞ்சள் நிறம். 1758லேயே உயிரியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்துவிட்ட பழைய உறவு. ஒரு கூட்டத்தில் பல ராணிகள் இருப்பார்கள். இனச்சேர்க்கைக்காகப் பறந்து போகும் வழக்கமில்லை, எல்லாம் புற்றுக்குள்ளேயே. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளுக்கு எறும்பை விரட்டும் குணம் உண்டு. மருந்து பட்டுக் கலங்கிய கூட்டம் சிதறி, ஒவ்வொரு பிரிவும் கொஞ்சம் முட்டை புழுக்களைத் தூக்கிக்கொண்டு வெவ்வேறு திசையில் குடியேறும். அதில் ராணி இல்லாவிட்டாலும் கவலையில்லை. கையிலுள்ள புழுக்களிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். ஒரு புற்று இருந்த இடத்தில் நாலு புற்று. நாலில் ஒன்று உங்கள் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டில். இங்கிலாந்து மருத்துவமனைகளில் இந்த எறும்பு நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972ல் லான்செட் இதழில் எஸ்.ஹெச். பீட்சன் எழுதியபிறகு, மருத்துவமனைக்காரர்கள் இதை வெறும் சமையலறைத் தொல்லையாகப் பார்ப்பதை விட்டார்கள். குடியிருப்புகளில் அந்த எச்சரிக்கை இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் எறும்பு மருந்துச் சாக்பீஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லட்சுமண ரேகா என்ற அதன் பெயருக்காகவே வழக்கு நடந்து உச்ச நீதிமன்றம்வரை போய், 2004ல் தீர்ப்பு வந்தது. அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. சாக்பீஸுக்குள் இருப்பதும் அதே பைரித்ராய்டு குடும்பம்தான். கோட்டைத் தாண்டாத எறும்பு கோடில்லாத பக்கமாக வருகிறது என்பதைச் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கிற எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான். அந்தச் சிறுவன் கையில் அது பள்ளிச் சாக்பீஸ் போலவே தெரிவதுதான் பெரிய சிக்கல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பூச்சிக்கொல்லிச் சாக்பீஸ்களைச் சட்டவிரோதமென்று சொல்லி எச்சரிக்கும்போது சுட்டிக்காட்டும் ஆபத்துகளில் ஒன்று அதுவே. பெங்களூரில் அந்தச் சாக்பீஸ் பெட்டிக்கடையில் ஊறுகாய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

சரி, எறும்புகளுக்கு வருவோம். 2016ல் வெளியான பட்டியல்படி இந்தியாவில் உள்ள எறும்பு இனங்களும் உள்ளினங்களும் 828. வீட்டுக்குள் வந்து தொல்லை தருபவை இவற்றில் மிகச் சில. அந்தச் சிலவற்றுக்குள்ளும் குணம் வேறு, தீனி வேறு. கால் நீண்டு, கறுத்து, திக்குத் தெரியாததுபோல் அலையும் பிள்ளையார் எறும்பு கடிப்பதில்லை. நம் பாட்டிமார் அதைக் கொல்லவிடாமல் பார்த்துக்கொண்டதற்கு ஓரளவு பொருள் உண்டு. தலை கறுத்து, உடம்பு கண்ணாடிபோல் வெளுத்து, வெள்ளைத் தரையில் கண்ணுக்கே படாத பேய் எறும்பு இனிப்புக்கு வரும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலும் பூந்தொட்டிக்கு அடியிலும் குடியிருக்கும். பல ராணிகள் உள்ள கூட்டம் இதற்கும் உண்டு என்பதால் ஸ்ப்ரேக்கு இதுவும் சிதறும். செம்பழுப்பு நிற நெருப்பெறும்பு மண்ணில் புற்று வைக்கும், எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் வரும், கொட்டினால் எரியும். கட்டெறும்பு பெரும்பாலும் மரத்தடியில் வாழ்ந்து, இரவில் சர்க்கரை டப்பாவை விசாரிக்க வரும் விருந்தாளி. அது வீட்டுக்குள் புற்று வைத்திருக்கிறது என்று முடிவு கட்டித் தரையைத் துளைத்து மருந்து ஊற்றச் சொல்லும் ஆளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கும் ஒரே டேங்க், ஒரே மருந்து, ஒரே நாசில். இதைத் தொழில் என்று சொல்வது கடினம்.

இத்தனைக்கும் எறும்பைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெங்களூரைவிடத் தோதான ஊர் இந்தியாவில் குறைவு. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1851லேயே தென்னிந்திய எறும்புகளுக்குப் பட்டியல் போட்டார். குதித்து இரை பிடிக்கும் ஹார்ப்பிக்நாதோஸ் எறும்பை உலகுக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் பட்டியல்தான். மரபணுத் தொகுதி முழுவதும் முதன்முதலில் படிக்கப்பட்ட இரண்டு எறும்புகளில் ஒன்றாக 2010ல் அது உலகச் செய்தியானது. ஹெப்பாலை ஒட்டிய வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் முஸ்தாக் அலி எறும்பு வகைப்பாட்டிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் எழுதிய தீபகற்ப இந்திய எறும்புக் கையேடு 2006ல் வந்தது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இவ்வளவு அறிவு ஊருக்குள் இருக்க, நம் வீட்டு வாசலுக்கு வருகிற ஆளிடம் ஒரு பூதக்கண்ணாடிகூட இருப்பதில்லை.

இரை மருந்தின் தத்துவம் எறும்பின் வயிற்றிலேயே இருக்கிறது. வேலைக்கார எறும்புக்கு இரண்டு வயிறு: ஒன்று தனக்கு, இன்னொன்று கூட்டத்துக்கு. குடித்த சர்க்கரைத் தண்ணீரைச் சுமந்து போய் வாயோடு வாய் வைத்து அடுத்த எறும்புக்கு ஊட்டும், அது அடுத்ததற்கு, கடைசியில் புழுவுக்கும் ராணிக்கும் போய்ச் சேரும். ஆகவே மருந்து மெதுவாகக் கொல்ல வேண்டும். சுமந்து போகிற எறும்பு பாதி வழியில் செத்தால் பயனில்லை. 1990களில் அமெரிக்காவில் ஜான் கிளாட்ஸும் அவருடைய குழுவினரும் சர்க்கரைத் தண்ணீரில் சுமார் 1 சதவீதம் போரிக் அமிலம் கலந்து பேய் எறும்பு, ஃபாரோ எறும்பு, அர்ஜென்டினா எறும்பு ஆகியவற்றின் கூட்டங்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். குறைந்த அளவில்தான் அது நன்றாக வேலை செய்தது. அதிகம் போட்டால் எறும்பு குடிக்காது, அல்லது வீடு போய்ச் சேராது. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரை அள்ளிச் சர்க்கரையோடு பிசைந்து வைத்துவிட்டுப் பலனில்லை என்று கைவிட்டவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. போரிக் அமிலமும் விஷம்தான். குழந்தையும் நாயும் எட்டுகிற தட்டில் அதை வைப்பது கூடாது.

இரை வைக்கும் முன் ஒரு சோதனை வேண்டும். மூன்று அட்டைத் துண்டுகள். ஒன்றில் சர்க்கரைப் பாகு, ஒன்றில் கடலை எண்ணெய், ஒன்றில் பொடித்த கருவாடு. எறும்பு எதில் மொய்க்கிறதோ அந்த வகை இரையில்தான் மருந்து கலக்க வேண்டும். புழுக்கள் நிறைய இருக்கும் காலத்தில் கூட்டத்துக்குப் புரதம் தேவைப்படும், மற்றக் காலத்தில் இனிப்பு. போன மாதம் பாகைத் தின்ற எறும்பு இந்த மாதம் சீந்தாமல் போகலாம். இது தெரிந்த ஆள் கரப்பான்பூச்சி ஜெல்லைப் பிதுக்கி எறும்புக்கும் இதுதான் என்று சொல்லமாட்டார். இன்னொன்றும் உண்டு. இரை வைத்த முதல் சில நாட்களில் எறும்பு கூடுதலாக வரும். வீட்டுக்காரர் பதறிப்போய்க் கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தால் எல்லாம் பாழ். பக்கத்து வீட்டுக்காரர் அடித்தாலும் பாழ்தான். சங்கம் உள்ளே வர வேண்டிய இடம் இதுவே.

பழைய வீடுகளைப் பற்றியும் பேச வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், மங்களூர் ஓடு, மெட்ராஸ் டெரஸ், சிவப்பு ஆக்சைடு தரை, மரச்சட்டத்தில் ஓடிய பழைய ஒயரிங். பார்க்க அழகு, எறும்புக்கும் வசதி. நூறாண்டு ஆன காரை இணைப்புகளில் சுண்ணாம்பு உதிர்ந்து மணல் மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்கு மேல் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள். உள்ளே ஈரம் அடைபடும், பூச்சு விலகி இடைவெளி உண்டாகும், அந்த இடைவெளியில் ஒரு ராஜ்யமே நடக்கும். ஒரே சுவரைப் பகிரும் ஒண்டுக்குடித்தன வீடுகளில் முன் போர்ஷன்காரர் மருந்தடித்தால் பின் போர்ஷன்காரருக்குத் திருவிழா. கூரையைத் தொடும் மாமரக் கிளை, மூடி சரியாக உட்காராத சம்ப், பைப் நுழையும் இடத்தில் அடைக்காத ஓட்டை, பாதாளச் சாக்கடைக் குழாயின் விரிசல் ஆகியவற்றைச் சரி செய்யாமல் எந்த மருந்தையும் நம்பிப் பயனில்லை. நல்ல பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனம் முதல் நாள் மருந்தே கொண்டு வராது. டார்ச்சும் நோட்டும் கொண்டு வரும்.

இப்படிக் கட்டடத்தையே சரி செய்து தொல்லையைத் தடுப்பதில் பெங்களூருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவுமில்லை. 1898 ஆகஸ்டில் ஹூப்ளி பக்கமிருந்து ரயிலேறி வந்த பிளேக், நெரிசலான பேட்டைகளையும் கண்டோன்மென்டையும் சூறையாடியது. 1890களில் கோடு கிழிக்கப்பட்டிருந்த பசவனகுடிக்கும் மல்லேசுவரத்துக்கும் மக்கள் வேகமாகக் குடிபெயர அதுவே காரணமாயிற்று. அகலத் தெருக்கள், தனித்தனி மனைகள், வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடும் கன்சர்வன்சி சந்துகள் எல்லாம் காற்றும் சுகாதாரமும் கருதி வகுக்கப்பட்டவை. கண்டோன்மென்ட் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் பிரேசர் பெயரில் 1906ல் தொடங்கிய பிரேசர் டவுன், பிளேக் புகாத குடியிருப்பாக, அதாவது எலி வளை வைக்க முடியாத வீடுகளாகத் திட்டமிடப்பட்டது. அந்த அனுபவத்தை ஜே.ஹெச். ஸ்டீபன்ஸ் 1914ல் ஒரு நூலாகவே எழுதினார். அன்று ஊரே பீதியில் இருந்தபோதும், எலியைக் கொன்றால் போதுமென்று நிற்காமல் தரையையும் சாக்கடையையும் தெருவையும் மாற்றினார்கள். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று வருஷ கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு ஸ்ப்ரே அடிக்கிறார்கள். கன்சர்வன்சி சந்துகளில் பாதி குப்பைமேடு. மல்லேசுவரத்தில் சிலவற்றை அண்மையில் சுத்தம் செய்து நடைபாதையாக்கியிருப்பது நல்ல முன்மாதிரி. எறும்புத் தொல்லைக்கான சங்கக் கூட்டத்தில் அந்தச் சந்துகளும் பேச்சுக்கு வந்தாக வேண்டும்.

விஷத்தின் வரலாறும் நம் வீடுகளில் நீளமானது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் கமாக்சின் பவுடரின் வாடை இன்னும் மூக்கில் இருக்கும். அரிசி மூட்டைக்கு அடியில், வாசற்படி ஓரத்தில், கோழிக் கூண்டுக்குள்கூடத் தூவினார்கள். அதிலிருந்த பி.ஹெச்.சி. 1997ல் தடை செய்யப்பட்டது. கரையானுக்காக அஸ்திவாரத்தில் ஊற்றிய ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை 1996ல் போயின. லிண்டேன் பயன்பாடு 2013ல் நின்றது. இவற்றுக்குப் பதிலாக வந்த குளோர்பைரிபாஸ் 2025ல் ஜெனீவாவில், சில விலக்குகளோடு, நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. அதாவது ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதுகாப்பானது என்று சொல்லி விற்கப்பட்ட மருந்து, அடுத்த தலைமுறை வரும்போது தடைப்பட்டியலில் இருக்கிறது. வாசனையே வராது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் இதைவிடப் பெரிய அளவில் அடிபட்டுப் பாடம் படித்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த நெருப்பெறும்பை ஒழிக்கிறோம் என்று அமெரிக்க வேளாண் துறை 1957 முதல் தென் மாநிலங்களில் விமானத்திலிருந்து டீல்டிரினும் ஹெப்டாகுளோரும் தூவியது. பறவைகளும் கால்நடைகளும் செத்தன. பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி ரேச்சல் கார்சன் எழுதிய 1962ஆம் ஆண்டு நூலில் அது ஒரு முக்கியச் சாட்சியமானது. அந்த எறும்பு இன்றும் அங்கே சௌக்கியமாக இருக்கிறது, முன்பைவிட அதிக மாநிலங்களில்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் காகிதத்தில் தெளிவாகவே பேசுகிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் வணிக ரீதியில் பூச்சி ஒழிக்கும் ஒவ்வொருவரும் உரிமம் பெற வேண்டும் என்கின்றன. விவசாயப் பட்டமோ வேதியியலோடு அறிவியல் பட்டமோ பெற்ற ஒருவர் அந்த நிறுவனத்தில் இருக்க வேண்டும். அவர் குறிப்பிட்ட சில நிறுவனங்களில் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அப்படிப் பயிற்சி தரும் இடங்களில் ஒன்று பக்கத்திலேயே, மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பென்றால் கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. வருகிற ஆளிடம் உரிமத்தைக் கேட்பதும் டப்பாவின் நிறத்தைப் பார்ப்பதும் அவமரியாதையாகாது. மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்த மருந்தை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

மருந்து விஷயத்தில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைய உதாரணங்கள் உண்டு. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் ஒரு வீட்டில் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் எலிமருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஏசி போட்டு அறையைச் சாத்திக்கொண்டு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் பெங்களூரு வசந்த நகரில் மருந்தடிக்கப்பட்ட வாடகை வீட்டுக்குத் திரும்பிய குடும்பத்தில் ஒரு சிறுமி இறந்தாள். இரண்டும் எறும்புக்கான வேலையல்ல. ஆனால் வீட்டுக்குள் வருவது அதே தொழில், பல சமயம் அதே ஆள், அதே பை. என்ன மருந்து, எந்த அறையில், எத்தனை மணிக்கு வைக்கப்பட்டது, எப்போது உள்ளே போகலாம் என்ற நாலு வரி எழுத்தில் இருந்தால் மருத்துவர் தடுமாற வேண்டியிருக்காது. சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு, அதில் இந்த நாலு வரி. செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

எதை விட்டுவைப்பது என்பதிலும் சங்கங்கள் ஒரு முடிவுக்கு வரலாம். தோட்டத்தில் கறுப்புப் படையாக அணிவகுத்துப் போகும் லெப்டோஜெனிஸ் எறும்பு கரையானை வேட்டையாடுகிறது. நூறாண்டு மர உத்தரங்களை வைத்திருக்கும் வீட்டுக்காரர் அதைத் துரத்துவது தனக்கே செய்துகொள்ளும் கெடுதல். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு கடிக்கும், உண்மைதான்; ஆனால் பழத்தோட்டப் பூச்சிகளை ஒழிக்க அதைச் சீனர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறார்கள். வீட்டைத் தொடும் கிளையை மட்டும் வெட்டினால் போதும். பிள்ளையார் எறும்பு வாசலோடு நின்றால் நிற்கட்டும். அதேசமயம் எல்லா எறும்பும் சாது என்ற எண்ணமும் ஆபத்து. 2022ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி, ஆடுமாடுகளையும் பயிரையும் தாக்கி, மக்களைக் காட்டோரத்திலிருந்தே விரட்டியது. கிறிஸ்மஸ் தீவில் அதே இனம் கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக ஓர் எறும்பு திடீரென்று தெரு முழுக்கப் பெருகினால், அதில் பத்தைப் பிடித்து ஸ்பிரிட் புட்டியில் போட்டு விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுவதே முதல் வேலை. ஸ்ப்ரே அடித்துவிட்டால் காட்டுவதற்குச் சிதறிய கால்கள்தான் மிஞ்சும்.

இனி ஒப்பந்தம். இப்போதுள்ள வருஷ கான்ட்ராக்ட் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்ப்ரே என்று எண்ணிக்கையை வைத்துக் காசு கேட்கிறது. எறும்பு இருந்தாலும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டாலும் அடிக்க வேண்டும். சங்கம் எழுதுகிற ஒப்பந்தத்தில் முதல் வருகை பார்வையிட மட்டும் என்றிருக்கட்டும். அந்த வருகைக்கே தனிக் கட்டணம் கொடுங்கள். கொடுக்காமல் கவனமான ஆளை எதிர்பார்க்க முடியாது. எந்த இனம், எங்கே புற்று, எதை அடைக்க வேண்டும் என்ற அறிக்கை வந்தபிறகு இரை. இரை வைக்கும் வாரத்தில் தெருவில் யாரும் ஸ்ப்ரேயோ சாக்பீஸோ பயன்படுத்துவதில்லை என்று ஒரு சுற்றறிக்கை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும், ஒண்டுக்குடித்தனக்காரர்களுக்கும், தெருமுனை பேக்கரிக்கும், தர்ஷினி ஓட்டலுக்கும் அது போக வேண்டும். உரிமையாளர் மட்டும் உறுப்பினர் என்ற விதி உள்ள சங்கங்கள் இந்த ஒரு காரியத்துக்காவது அதைத் தளர்த்திக்கொள்ளலாம். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் ஆகும் செலவை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கலாம். முதல் வருஷம் செலவு கூடும். மாநகராட்சி கொசுவுக்குப் புகை அடிக்க வரும், எறும்புக்கு வராது. இந்தப் பொறுப்பை ஏற்க வேறு ஆளில்லை.

கடைசியாக, டேங்க் சுமந்து வருகிற அந்த இளைஞர். ஒரு நாளில் அடுத்தடுத்துப் பல வீடுகள் ஏறி இறங்குகிறார். கையுறை இருந்தால் முகக்கவசம் இல்லை, முகக்கவசம் இருந்தால் அது துணி. 1971ஆம் ஆண்டு விதிகள் இவருக்குப் பாதுகாப்பு உடையும், மூச்சுக் கவசமும், அவ்வப்போது மருத்துவப் பரிசோதனையும் உண்டு என்கின்றன. குறிப்பிட்ட வகை மருந்துகளைக் கையாள்பவர் என்றால் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவையும் பார்க்கச் சொல்கின்றன. பரிசோதனை அட்டையின் நகலைக் கேட்கும் உரிமையை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் இவர் கையும் முகமும் கழுவ எந்த வீட்டுக் குழாய், யார் சோப்பு என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டால், ஒவ்வொரு வாசலிலும் நின்று தயங்க வேண்டியிருக்காது.